பக்கத்து பஸ் பார்த்தது

அவர் மைக்கைத் தொடமாட்டார். மற்ற கைட்மார் துறைமுக வாசலில் பஸ் அசைந்ததும் மைக்கை எடுத்து, காலை வணக்கம் சொல்லி, தேயிலை, கறுவா, இரத்தினக்கல் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இவர் எழுந்து கடைசி வரிசைக்குப் போவார். அங்கிருந்து ஒவ்வொரு சீட்டாக முன்னால் வருவார். ஒவ்வொருவர் பக்கமும் குனிந்து, அடுத்த சீட்டுக்குக் கேட்காத குரலில் ஒரே கேள்வியைக் கேட்பார். நீங்கள் எதைப் பார்க்க வந்தீர்கள்?

நான் அந்த பஸ்ஸின் டிரைவர். அவர் கண்டிக்குப் பக்கத்து மடவளைக்காரர், என்னைவிட மூத்தவர். கம்பெனியில் எல்லாரையும் போல நானும் அவரை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றே கூப்பிட்டேன்.

டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்கு முன்னும் பின்னுமாகச் சில மாதங்கள் எங்களுக்குக் கப்பல் காலம். பெரிய உல்லாசக் கப்பல் ஒன்று விடியும்போது கொழும்புக்கு வந்து நிற்கும். அதில் வருகிறவர்களுக்கு எங்கள் நாட்டில் ஒரே ஒரு பகல்தான். கண்டி பார்க்கப் பெயர் கொடுத்தவர்களைப் பல பஸ்களாகப் பிரித்து ஏற்றுவார்கள். பஸ் கண்ணாடியில் ஒரு நம்பர் இருக்கும், அதே நம்பர் போட்ட சின்ன வட்டம் ஒவ்வொருவர் சட்டையிலும் ஒட்டப்பட்டிருக்கும். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, ஏரிக்கரை, பகல் சாப்பாடு, பேராதனைப் பூந்தோட்டம் எல்லாம் முடித்து, கப்பல் கிளம்புமுன் திரும்பக் கொண்டுபோய் இறக்க வேண்டும். பாதிப் பகல் பஸ்ஸுக்குள்ளேயே போய்விடும். நாங்கள் அநேகமாக ஏழாம் நம்பர்.

அவர் கேட்டு முடித்து என் பக்கத்துச் சின்னச் சீட்டில் வந்து உட்காரும்போது பஸ் களனிப் பாலத்தைத் தாண்டியிருக்கும். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதனால் அவரே எனக்கு, இருக்கு என்பதை ஈக்கி என்கிற தன் ஊர்ப் பேச்சில் சொல்லுவார்.

"பின்னுக்கு எல்லாம் யானை. நடுவுல ஒரு நீல ரயில், போட்டோவுல கண்டாங்களாம். ஒத்தர்ட வாப்பாட வாப்பா தேயிலத் தோட்டத்துல தொரையா ஈந்தாராம், அந்த பங்களாவ காணோணுமாம். எந்தத் தோட்டம் என்டு கேட்டா தெரியாது. முன்னுக்கு ஒரு கெழவி ஈக்கி. அவவுக்கு ஒண்டும் காண வேணாம். ஆடாத தரையில கொஞ்ச நேரம் நிண்டா போதுமாம்."

"இதுல எத நானா காட்டப் போறீங்க?"

"கெழவிக்கு மட்டும்தான் ஏலும்," என்று சொல்லி ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார்.

ஆனால் சாயந்தரம் துறைமுகத்தில் இறங்கும்போது எங்கள் பஸ்ஸில் முகம் சுளித்துக்கொண்டு இறங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. மற்ற பஸ்களில் பார்த்திருக்கிறேன். மழை, சாப்பாடு, கோயிலில் செருப்பைக் கழற்றச் சொன்னது என்று கைட்மாரோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே இறங்குவார்கள். எங்கள் ஆட்கள் அவர் கையைப் பிடித்து ஆட்டுவார்கள். பெண்கள் கட்டிப்பிடிப்பார்கள். அவர் கூச்சப்பட்டுப் பின்னால் நகர்வது போல ஒரு அடி எடுத்துவைப்பார், நகரமாட்டார். பிறகு என்னிடம் கைபேசியைக் கொடுத்து, அவரோடு நிற்கும் தங்களைப் படம் எடுக்கச் சொல்வார்கள். எடுப்பேன். எடுத்ததைப் பார்த்து எனக்கும் நன்றி சொல்வார்கள். நான் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சிரிப்பேன். காலையிலிருந்து கடுகண்ணாவ மலை வளைவுகளில் அவர்கள் கோப்பை சிந்தாமல் ஏற்றி இறக்கியவன் நான். அவர் செய்தது பேச்சு மட்டும்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எப்படிச் செய்கிறார் என்று ஒரு நாள் கேட்டேன். அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னார்.

"இவங்க கண்டதுல ஒரு கொறையும் இல்ல தம்பி. பக்கத்து பஸ் கண்டதுதான் கொறை. ராவைக்குக் கப்பல்ல சாப்பாட்டு மேசை ஈக்கி. பத்துப் பேர் இருப்பாங்க, பத்தும் வேற வேற பஸ். 'நீ என்னத்த கண்டாய், நான் என்னத்த கண்டேன்' என்டு தொடங்குவாங்க. நான் அந்த மேசைக்குத்தான் வேல செய்யிற. ஒவ்வொருத்தருக்கும் அங்க வெக்கிறதுக்கு ஒரு சாமான் வேணும். மத்தவனுக்கிட்ட இல்லாத சாமான்."

"அதுக்கு மைக்கில சொன்னா என்ன?"

"மைக்கில சொன்னா எல்லாருக்கும் சொன்ன. எல்லாருக்கும் சொன்னா ஒத்தருக்கும் சொல்லல."

அவர் சொன்னதன் அர்த்தத்தை ஒரு யானை விஷயத்தில்தான் பார்த்தேன். அன்று நாலாம் நம்பர் பஸ் வழியில் ஒரு லொறியைச் சந்தித்திருக்கிறது. லொறியில் ஒரு யானை நின்றுகொண்டு போயிருக்கிறது. நாங்கள் கொஞ்சம் பின்னால் வந்ததால் எங்களுக்கு அது கிடைக்கவில்லை. பேராதனைத் தோட்டத்தில் கழிவறை வரிசையில் நாலும் ஏழும் கலந்தபோது நாலாம் நம்பர் ஆட்கள் கைபேசியை நீட்டி நீட்டிக் காட்டினார்கள். எங்கள் பஸ்ஸில் ஒரு பெரிய உடம்புக்காரர் இருந்தார். யானை என்று சொன்னவர்களில் அவர் முதல் ஆள். அவர் முகம் சிவந்துபோய் வந்து நானாவிடம் என்னவோ கத்தினார். ஒரே கட்டணம், ஒரே கப்பல், அவர்களுக்கு யானை, எங்களுக்கு மரமா என்று கேட்டாராம்.

நானா அந்த ஆளின் முழங்கையைப் பிடித்துத் தனியாக நடத்திக்கொண்டு போனார். ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தினார். மரத்தின் பட்டை ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. அந்த மனிதரின் கையை எடுத்து அந்தத் தேய்ந்த இடத்தில் வைத்து, குனிந்து காதில் ஏதோ சொன்னார். அந்தப் பெரிய மனிதர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு நாலாம் நம்பர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு எங்கள் பஸ்ஸுக்கு நடந்து வந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"என்ன நானா சொன்னீங்க?"

"லொறியில போற யானைய யாரும் காணலாம், யானை சாஞ்சி நிண்ட இடத்துல கை வெச்சது நீங்க மட்டும்தான், மத்தவங்களுக்கிட்ட சொல்லிராதீங்க என்டு சொன்ன."

"அந்த மரத்துல யானை கட்டினாங்களா?"

"இந்தக் கண்டியில யானை எந்த மரத்துல தம்பி சாயல்ல?"

நான் சிரித்தேன். நாங்கள் இரண்டு பேரும் கப்பல்காரர்களைப் பார்த்து இப்படி நிறையச் சிரித்திருக்கிறோம். முன் சீட்டில் இரண்டே பேர், பின்னால் ஒரு பஸ் நிறைய ஏமாந்த ஜனம் என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நாள் வெறும் பஸ்ஸில் கண்டிக்குத் திரும்பும்போது அவர் சொன்னார்: "மத்த ட்ரைவர்மாரோட போனா என்ட கால்லயும் ஒரு ப்ரேக் ஈக்கி தம்பி. உங்களோட மட்டும்தான் நான் கால நீட்டி ஈக்கிற." வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். பொதுவாக நான் வேலைக் கதை எதையும் வீட்டில் சொல்கிறவன் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து குட்ஷெட் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் கம்பெனியிலேயே வேறு பஸ் ஓட்டும் கட்டுகஸ்தோட்டைக்காரன் ஒருவன் இருந்தான். சடக்கென்று ப்ரேக் அடிக்கிறதில் பெயர் எடுத்தவன். பேச்சு நானாவைப் பற்றி வந்தது. அவன் நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"நானா நம்ம பஸ்ஸுல மட்டும்தான் கால நீட்டுவாரு, தெரியுமா? அவரே சொன்னாரு."

நான் கிளாஸைக் கீழே வைக்கவில்லை, குடிக்கவும் இல்லை. யானை மரத்தில் கை வைத்துக் கண்ணை மூடி நின்ற அந்தப் பெரிய மனிதர் ஞாபகம் வந்தார். அடுத்த நாள் பஸ்ஸில் நானா காலை நீட்டியபோது, அந்தக் காலை நான் ஒரு தரம் பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு அம்மா வந்தார். வெட்டிய வெள்ளை முடி, காலில் பச்சைச் சப்பாத்து. துறைமுகத்தில் ஏறும்போதே நானாவைக் கட்டிப்பிடித்துவிட்டார். போன கப்பல் காலத்திலும் வந்தவர். அதே கப்பலில் மறுபடி பயணம் எடுத்து, மறுபடி கண்டிக்குப் பெயர் கொடுத்து, ஏழாம் நம்பர் பஸ்தான் வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறார். எனக்கு அவரை ஞாபகம் இருந்தது. அந்தப் பச்சைச் சப்பாத்தை எப்படி மறப்பது? நானாவுக்கு இல்லை. முகம் சிரித்தாலும் அவர் விரல்கள் சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடியதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

கண்டி ஏரியைச் சுற்றி ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. மேல்விளிம்பு முகில் மாதிரி வளைந்து வளைந்து போகும். சுவரில் வரிசையாக முக்கோண ஓட்டைகள். தனியாக வருகிறவர்களுக்கு, பேச்சுத் துணை இல்லாதவர்களுக்கு, நானா இதில் ஒரு ஓட்டையைக் கொடுப்பார். குனிந்து இதற்குள்ளால் பாருங்கள், தண்ணீரில் மாளிகைக் கூரையின் நிழல் விழுவது இந்த ஒன்றில்தான் சரியாகத் தெரியும், இது உங்களுடையது என்பார். அவர்களும் குனிந்து பார்ப்பார்கள். தெரியத்தான் செய்யும். பக்கத்து ஓட்டையிலும் தெரியும், யாரும் அதில் பார்ப்பதில்லை.

அன்று மனைவியை இழந்த ஒரு வயதானவர் பஸ்ஸில் இருந்தார். காலையில் கேட்டபோது ஒன்றும் பார்க்க வரவில்லை, பிள்ளைகள் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னாராம். நானா அவரை ஏரிக்கரையோரமாக மெதுவாகக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே, அந்த ஓட்டைக்கு முன்னால், பச்சைச் சப்பாத்து அம்மா ஏற்கனவே குனிந்து நின்றுகொண்டிருந்தார். நேராகத் தன் இடத்துக்குப் போயிருக்கிறார். அவர் பஸ்ஸில் மறந்துவைத்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். நானா பேசிக்கொண்டே வந்ததால் அந்த அம்மாவைக் கவனிக்கவில்லை. வயதானவரின் தோளில் கைவைத்து அதே ஓட்டையைக் காட்டிவிட்டார்.

அந்த அம்மா நிமிர்ந்தார். வயதானவரைப் பார்த்தார். நானாவிடம் மெல்ல ஏதோ கேட்டார். நானா சொன்ன பதிலுக்குச் சிரித்தார். ஆனால் திரும்பும்போது காலையில் இருந்த முன் சீட்டில் உட்காரவில்லை. பின்னால் போய்விட்டார். கடுகண்ணாவ இறக்கத்தில் நான் நானாவிடம் கேட்டேன்.

"என்ன கேட்டாங்க நானா?"

"'இது இவருக்குமா' என்டு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"'ஒரு வருசம் நீங்க வெச்சீந்தீங்க, இண்டைக்கு மட்டும் அவருக்குக் குடுப்போம்' என்டு சொன்ன." ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அவரே மறுபடி சொன்னார்: "நான் சொன்னது பொய் இல்ல தம்பி. சொல்லக்குள்ள உண்மதான். அவ திரும்பி வந்ததுதான் பிழ. நாங்க ஒரு நாளைக்கு ஆள். கப்பல் திரும்பி வரும் என்டு நெனச்சிக் கதைக்க ஏலாது."

நான் கியரை மாற்றினேன். நான் ஒவ்வொரு நாளும் அவரிடம் திரும்பி வருகிறவன். அதை அவர் யோசிக்கவில்லை. கண்ணாடியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவரிடம் இரண்டு வார்த்தை பேச இங்கிலீஷ் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இவ்வளவு தெரிந்தும் அவரை நான்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸின் ஏசி பழுதாகி, பல்லேகலயில் ஒரு கராஜில் விட்டிருந்தோம். எங்கள் வீடு அங்கிருந்து நடக்கும் தூரம். மனைவி அந்தப் பக்கத்துத் தையல் தொழிற்சாலையில் வேலை. அன்று லீவு. அவள் ரொட்டி சுட்டு, மிளகாய் வைத்துக் கட்டச் சம்பல் இடித்து, பால் ஊற்றாத பிளேன்டீ வைத்தாள். என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவள் அவள். எங்கள் வீட்டில் ரேடியோவுக்குத்தான் வாய்.

அவர் கதிரையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு, ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு, அந்தக் குரலில், கப்பல்காரர்களிடம் கேட்பது போலவே கேட்டார்:

"தங்கச்சி, கல்யாணம் முடிச்சி இந்த வீட்டுக்கு வரக்குள்ள என்னத்த காணலாம் என்டு நெனச்சி வந்தீங்க?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை. அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"கடலு," என்றாள்.

"கடலா?"

"எங்க ஊரு கலஹா பக்கம் தேயிலத் தோட்டம். சுத்திலும் மலதான். மாப்பிள்ள ட்ரைவருன்னாங்க. அப்ப கடலப் பாத்துறலாம்னு நெனச்சேன்." என்னைப் பார்க்காமலே சிரித்தாள். "இவரு வாரா வாரம் கடல்கிட்ட போயிட்டு வாறாரு. நான் இன்னும் கடுகண்ணாவயத் தாண்டல."

இத்தனை வருடத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் அவர் அதை வெளியே எடுத்துவிட்டார்.

போகும்போது வாசலில் நின்று அவளிடம் மெல்ல ஏதோ சொன்னார். அவர் போனபிறகு கேட்டேன்.

"என்ன சொன்னாரு?"

"சும்மாங்க."

"சும்மான்னா?"

"இப்பிடி ஒரு சம்பல அவரு வேற எங்கயும் தின்னதில்லயாம்." அவள் ஏற்கனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள்.

எத்தனை வீட்டில் எத்தனை சம்பலுக்கு இதைச் சொல்லியிருப்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கட்டச் சம்பல்தான்.

அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். கப்பல் காலம் முடிந்ததும் அவளை ரயிலில் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போவேன். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, காலிமுகத்திடல் கடற்கரை வரை நடந்தே போவோம். ஒரு திருப்பத்தில் அவளை நிறுத்தி, அந்தா பார் என்று நான் காட்டுவேன். கடலை அவளுக்குக் காட்டுவது நானாக இருக்க வேண்டும். வேறு யாரும் இல்லை. இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லவும் இல்லை. பஸ் ஓட்டும்போது அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். எங்களுக்குள் இப்படிப்பட்ட பேச்சு பழக்கமில்லை. பழக வேண்டியிருந்தது.

அந்தக் கப்பல் காலத்தின் கடைசிக் கப்பல் வந்தது. அன்று காலையிலிருந்தே மழை. மாளிகையில் பெரிய வரிசை, சாப்பாடு பிந்தியது. மலை முழுக்கப் பனிமூட்டம், தேயிலைகூடத் தெரியவில்லை. இரண்டாம் நம்பர் பஸ் எங்கேயோ ஒரு கல்யாண ஊர்வலத்தையும் மேளக்காரர்களையும் பார்த்துவிட்டு வந்திருந்தது. எங்கள் ஆட்கள் நனைந்த கோழிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நானாவும் சீட்டு சீட்டாகப் போய்க் குனிந்து பார்த்தார். அன்று யாருக்கும் எதுவும் ஒட்டவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, கப்பலை விட்டுவிட்டால் யார் பொறுப்பு என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார்.

பேராதனைத் தோட்டத்து வாசலில் பஸ்ஸை எடுக்கப் போகும்போது குடைக்குக் கீழே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கத்தரிப்பூ நிறச் சேலை. கல்யாணத்துக்குக் கொண்டுபோகும் கைப்பை.

நானா கதவைத் திறந்தார். "தம்பி, ரெண்டு சீட் சும்மா ஈக்கி. தங்கச்சிக்கு இண்டைக்குக் கடல காட்டுவோம். இவங்கள இறக்கிட்டு வெறும் பஸ்ஸுல ஒண்டா திரும்புவோம்."

அவள் படியில் ஏறிக்கொண்டே என்னிடம், "நானா போன் பண்ணினாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்," என்றாள்.

"தெரியும்," என்றேன்.

அப்போதுதான் அவர் மைக்கை எடுத்தார். நான் அவரோடு பஸ் ஓட்டிய காலத்தில் அந்த ஒரு தடவைதான் எடுத்தார். அவர் பேசியதில் எனக்கு விளங்கியது டிரைவர், கடல், இரண்டும்தான். பிறகு பின்னாலிருந்து ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அது வேறு பஸ். மழையும் ஊர்வலமும் சாப்பாடும் எல்லாம் மறந்துபோனது. வாரக்கணக்காகக் கடலிலேயே கிடந்து கடல் அலுத்துப்போன ஜனம் அவளைச் சுற்றி வந்து நின்றது. கடல் வலப்பக்கம் வரும் என்று, என் முதுகுக்கு நேர் பின்னால் இருந்த ஜன்னல் சீட்டை ஒரு கணவனும் மனைவியும் எழுந்து அவளுக்குக் கொடுத்தார்கள். ஒரு பாட்டி தன் கைபேசியில் கடல் படத்தைக் காட்டப் போனார். மற்றவர்கள் சேர்ந்து அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்கள், இப்போதே காட்டிக் கெடுத்துவிடாதே என்று. வழக்கமாக நாங்கள் போகும் வழியில் கடல் சரியாகத் தெரியாது. காலிமுகத்திடல் பக்கம் சுற்றிப் போனால் நேரம் பிடிக்கும், போகலாமா என்று நானா கேட்டார். போகலாம் என்று முதலில் கத்தியவர் அந்தக் கைக்கடிகாரக்காரர்.

நான் ஓட்டினேன். மழை விட்டிருந்தது. சாயந்தர வெயில் கண்ணாடியில் நேராக அடித்தது. அந்த ரோட்டில் பெரிய பஸ்ஸை நிறுத்த விடமாட்டார்கள். பொலிஸ்காரர் கையை வீசிக்கொண்டே இருந்தார். ஒரு ஆட்டோ குறுக்கே விழுந்தது, ஒதுக்கினேன். பின்கண்ணாடியைப் பார்த்தேன். அதில் முதுகுகளும் உயர்த்திய கைகளும்தான் தெரிந்தன. எல்லாரும் எழுந்து வலப்பக்கம் சாய்ந்திருந்தார்கள். அவள் இருந்த இடம் கண்ணாடியில் விழவில்லை. திடீரென்று பஸ்ஸுக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் போனது. பிறகு எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

நான் பொலிஸ்காரரின் வெள்ளைக் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

துறைமுகத்தில் ஒவ்வொருவராக இறங்கி அவளைக் கட்டிப்பிடித்தார்கள். ஒன்றிரண்டு பேர் அழுதார்கள். இரண்டாம் நம்பர் பஸ் ஆட்கள் அந்தப் பக்கம் நின்று, எங்கள் பஸ்ஸில் என்ன நடந்தது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நானா என் பக்கத்தில் வந்து நின்று, சந்தோஷமாக, ரகசியமாகச் சொன்னார்:

"இண்டைக்குக் கப்பல்ல மேசை நம்மட."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் என் மனைவியின் முகம் அந்தப் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் கிடைத்தது. கைபேசியில் வைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார்கள். எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

திரும்பும்போது அவர் பின் சீட்டில் படுத்துத் தூங்கிவிட்டார். அவள் முன்னால் இருந்தாள். எப்படி இருந்தது என்று நிட்டம்புவ தாண்டித்தான் கேட்டேன். "அத எப்பிடிங்க சொல்றது. பெருசா இருந்திச்சி," என்றாள்.

சில வாரம் கழித்துக் கப்பல்காரர் யாரோ நானாவுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவர் ஆவலோடு என்னிடம் கைபேசியை நீட்டினார். வேலை இருக்கிறது, பிறகு பார்க்கிறேன் என்றேன். அவர் கையில் வைத்து அதைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவர் அதை என் மனைவிக்கு அனுப்பிவிட்டார். அடுத்த கப்பல் காலத்துக்கு அவர் இல்லை. மகன் கூப்பிட்டு டோஹாவுக்குப் போய்விட்டார். போவதற்கு முன் குட்ஷெட்டில் சந்தித்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உங்கள மாதிரி ஒரு..." என்று அந்தக் குரலில் தொடங்கினார். நான், "உங்க பஸ் எடுக்கப் போறாங்க நானா," என்றேன். அவர் சிரித்துவிட்டு மடவளை பஸ்ஸில் ஏறினார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்கு இன்னும் தெரியாது. சில நாள் அதை நினைத்துக்கொண்டே பஸ் ஓட்டியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவள் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இன்னும் பாக்கவே இல்லியே. வாங்க."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யாரோ பஸ்ஸின் நடுவில் நின்று எடுத்திருக்கிறார்கள். ஜன்னலோரம் அவள் இருக்கிறாள். அவளுக்கு முன்னால் என் பிடரி. ஜன்னல் முழுக்கக் கடல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அவள் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"எங்க பாக்குற?"

"உங்களத்தான். நீங்க திரும்பி, அந்தா கடலுன்னு சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

"ஓட்டிக்கிட்டில்ல இருந்தேன்."

"ஆமா. நானாவும் அதத்தான் சொன்னாரு. தம்பி ஓட்டுறாரு, நீங்க அந்தப் பக்கம் பாருங்க தங்கச்சின்னு. அப்பறந்தான் பாத்தேன்."

வீடியோவில் அந்த இடம் வந்தது. ஓரத்திலிருந்து அவருடைய கை நீண்டு ஜன்னலைக் காட்டியது. இஸ்திரி போட்ட சட்டைக் கை. அவள் முகம் மெதுவாகத் திரும்பியது. அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள். நான் அந்த இடத்தை மறுபடி போட்டேன். பெருவிரலால் அந்தக் கையை மறைத்துப் பார்த்தேன். கையை மறைத்தால் அவள் முகமும் பாதி மறைந்தது.